மண்ணில் கிடைக்கும் குண்டுகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கான் வெட்டுகையில் பழைய துப்பாக்கிக் குண்டொன்று அகப்பட்டால், அதன் வடிவமே காலத்தை உணர்த்தும். வரிகள் பதியாத உருண்டை ஈயக் குண்டாயின், கோப்பித் துரைமார் யானை வேட்டையாடிய காலத்தது எனலாம். செம்பு நிக்கல் உறையிட்ட .303 அங்குலக் குண்டோ 1888-க்கு முற்பட்டதன்று. அதில் இடஞ்சுழியாக ஐந்து வரிகள் காணப்படின், அது பெரும்பாலும் லீ என்ஃபீல்ட் துப்பாக்கியினது.

ஆனால் குண்டு எவரை நோக்கிப் பாய்ந்தது என்பதை உலோகம் உரைக்காது. 1940 ஜனவரி 10-இல், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977 மே 11-இல், டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த சிவனு லெட்சுமணனும் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். எனவே, குண்டை அளப்பதோடு நாம் நில்லாமல், தோட்டத்து முதியோரிடம் கேட்டு அவ்வரலாற்றையும் எழுதி வைப்போமாக.