மாத்தளைக் கலகமும் எதிரியின் தற்காப்புரிமையும்

குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. ஒருவர்மீது மற்றொருவர் சுமத்துவது குற்றச்சாட்டு. சான்றுகளால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பின்னரே அது குற்றமெனப் பெயர் பெறும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியே விசாரணையாகும். அவ்வழியை அடைத்துவிட்டால் நேர்வது யாதென்பதை, 1848ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதியில் எழுந்த கலகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

மாத்தளை நகருக்கு வடக்கே, பல்லேபொல முதலிய சிற்றூர்களைக் கொண்டு தம்புள்ளை வரை பரந்து கிடப்பது மாத்தளை நாட்டுப்புறம். கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலத்தில், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் இங்கு வாழ்ந்த குடியானவர் பலர் தம் காணியுரிமையை நிறுவவியலாது இடருற்றனர். 1848இல் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேல் பணம் செலுத்துக என்ற கட்டளையும் பிறந்தது. வெகுண்ட மக்கள் அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். தேசாதிபதி தொரிங்டன் பிரபு உடனே கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார்.

பிடிபட்டோர்மீது சுமத்தப்பட்ட முதன்மைக் குற்றம் இராசத்துரோகம். அரசே குற்றஞ்சாட்டும் கட்சியாக நிற்கும் இத்தகைய வழக்கில் எதிரிக்குக் கூடுதலான காப்பு வேண்டுமென்பதை ஆங்கிலேயர் தம் நாட்டில் முன்னரே உணர்ந்திருந்தனர். குற்றப்பத்திரிகையின் படியைப் பெறவும், வழக்கறிஞரை அமர்த்தவும், தன் சார்பில் சாட்சிகளை அழைக்கவும் இராசத்துரோக எதிரிக்கு 1696இலேயே அங்குச் சட்டம் உரிமை வழங்கிற்று. ஆயின், கண்டியில் எதிரிகளுக்கு இருவேறு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, நீதியரசரும் யூரிமாரும் அமர்ந்து, அப்புக்காத்துமார் வாதாடிய உயர்நீதிமன்றம். மற்றையது, படையதிகாரிகளே நீதிபதிகளாய் அமர்ந்த இராணுவ நீதிமன்றம். அங்கு யூரியும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. எவர் எவ்வாயிலிற் புகுந்தாரென்பதே அவரது உயிரை நிறுத்த தராசாயிற்று.

கலகத் தலைவருள் ஒருவனான புரன் அப்பு இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். இராணுவச் சட்டம் பிறந்து இரு வாரங்கூட நிறைவுறவில்லை. இதனினும் துயரமானது குடாபொல தேரரின் முடிவு. விசாரணையைக் கண்ட பிரக்கிராசிமார் சிலர், அப்பிக்குவின் குற்றம் நிறுவப்படவில்லையெனக் கருதி, அரசியின் வழக்குரைஞராகிய செல்பியிடம் முறையிட்டனர். செல்பி தேசாதிபதியை நேரிற் கண்டு தண்டனையைத் தள்ளிவைக்குமாறு வேண்டினார். வேண்டுதல் பயன்படவில்லை. ஆகஸ்ட் 26ஆம் நாள், காவியுடையுடனேயே தேரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வாறு இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் மாண்டோர் 18 பேர்.

முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டாவின் கதையோ வேறு. செப்டம்பரிற் பிடிபட்ட அவன் நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டான். குற்றங்களைத் தானே ஒப்புக்கொண்டமையால், 1849 ஜனவரி முதலாம் நாள் தூக்கிலிடப்பட வேண்டுமென அவனுக்குத் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. அதற்குள் மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட, அவன் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டான். அரசனென முடிசூடியவன் உயிர் தப்பினான். குற்றமே ஐயத்துக்குரியதாயிருந்த துறவி மாண்டார். குற்றத்தின் பெருமை சிறுமையன்று இவ்வேறுபாட்டுக்குக் காரணம். விசாரணையின் முறையும், தீர்ப்பை மீளச் சிந்திக்கக் கிடைத்த காலமுமே காரணமாகும்.

இச்செய்திகள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை எட்டியபோது விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. 1850இல் தொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். எனினும், மாண்டவர்க்கு அதனால் வந்த பயன் யாது? பாடமும் விரைவில் மறக்கப்பட்டது. 1915இல் முஸ்லிம்களுக்கெதிரான கலவரத்தை அடக்கவென மீண்டும் இராணுவச் சட்டம் வந்தது. ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாட்சியின் கொடுமைகளை எதிர்த்துச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் முழங்கினார். இங்கிலாந்து சென்று நீதி கோரினார். 1916இல் நூலொன்றையும் வெளியிட்டார். கலவரத்திற் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் அவர்மீது மனக்குறை கொண்டனர் என்பதும் வரலாறே. ஆயினும், குற்றஞ்சாட்டப்பட்டவன் எவனாயினும் முறையான விசாரணைக்கு உரியவன் என்னும் நெறி அவர் போராட்டத்தில் அடங்கியிருந்தது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தன் பதின்மூன்றாம் உறுப்புரையில் இந்நெறியை எழுத்தில் வடித்தது. கைதின் காரணத்தை அறிதல், சட்டத்தரணி வாயிலாக வாதாடுதல், குற்றம் நிறுவப்படும்வரை நிரபராதியெனக் கொள்ளப்படுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. அவ்வாண்டே வறியோர்க்கு உதவ சட்ட உதவி ஆணைக்குழுவும் சட்டத்தால் அமைந்தது. ஆயினும் மறு ஆண்டில், 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்தது. பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கெதிராகச் செல்லாதென்னும் பழைய சான்றுச் சட்ட விதியை அது தளர்த்தி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முதலானோரிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்றது. உரிமை ஏட்டில் எழுதப்பட்டதனால் மட்டும் நிலைபெறாதென்பது இதனாற் பெறப்படும்.

அச்சம் மிகுந்த காலத்திலேதான் எதிரிக்குத் தற்காப்புரிமை மிகவும் வேண்டப்படுகின்றது. அக்காலத்திலேதான் அது முதலிற் பறிக்கவும் படுகின்றது. கொங்காலேகொட பண்டாவுக்குக் கிடைத்த அவகாசம் குடாபொல தேரருக்குக் கிடைத்திருப்பின், செல்பியின் சொல்லுக்கு ஒருகால் செவி கிடைத்திருக்கும்.