தோடர் குழந்தைகளின் ஒளிப்படங்கள்

நீலகிரியில் எருமை வளர்த்து வாழும் தோடர்களின் பிள்ளைகள் இடம்பெற்ற பழைய படங்கள். கிடைப்பவற்றில் பல 1860களுக்கும் 1910க்கும் இடைப்பட்டவை. அதற்கு முன், 1832இல் ஹென்றி ஹார்க்னஸ் வெளியிட்ட நூலில் தோடர்களை ஓவியமாகவே காணமுடிந்தது.

1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், சென்னையின் நிக்கலஸ் நிறுவனத்தார், உதகையில் கடை வைத்திருந்த ஆல்பர்ட் பென் ஆகியோர் தோடரைப் படமெடுத்தவர்களில் முக்கியமானவர்கள். அக்கால ஈரத்தகடு முறையில், மருந்து பூசிய கண்ணாடித் தகட்டை அது உலர்வதற்குள் பயன்படுத்திக் கழுவியாக வேண்டும். சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால் பிள்ளைகளை நிறுத்திவைப்பது எளிதாக இருந்திராது. அரைப்பீப்பாய் வடிவக் குடிசையும், தவழ்ந்தே நுழையக்கூடிய அதன் சிறு வாசலும், முன்னால் வரிசையாக ஒரு குடும்பமும் என இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. போர்த்தியிருக்கும் பூத்துக்குளி என்னும் போர்வையின் சிவப்பு, கறுப்புப் பூவேலை இரண்டுமே படத்தில் ஒரே கருமையாகத்தான் விழுந்தன. அன்றைய தகடுகள் சிவப்பை உணரா. நூலிழைகளை எண்ணியே பெண்கள் தைக்கும் அந்த வேலைப்பாட்டுக்கு இது பெரிய இழப்பு.

1873இல் இரு நூல்கள் வந்தன: மண்டை அமைப்பைக் கொண்டு குணம் அறியலாம் என நம்பிய வில்லியம் மார்ஷலுடையது ஒன்று; நீலகிரி ஆணையர் ஜேம்ஸ் பிரீக்ஸ் இறந்தபின் வெளியானது மற்றொன்று. இரண்டிலும் ஒளிப்படங்கள் உண்டு. தோடரை ரோமர் என்றும் இஸ்ரேலின் தொலைந்த குலம் என்றும் ஊகித்தவர்களுக்குப் படங்களில் தெரிந்த தாடியும் போர்வையும் துணைநின்றிருக்கலாம். அந்த ஊகங்களை இன்று ஆய்வாளர் ஏற்பதில்லை.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அளவுகோலோடு இவர் வயநாட்டுக்குப் போனபோது, தங்களில் நல்ல உருவங்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று பணியப் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தோடர் பற்றிய செய்தியல்ல எனினும், படப்பெட்டியோடு வந்தவர்களை மலைமக்கள் எப்படிப் பார்த்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1901-02இல் தோடரிடையே களப்பணி செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906இல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலில் தாம் கண்டவர்களைப் பெயரோடும் வம்சாவளி அட்டவணை எண்ணோடும் குறித்தார். படத்தில் உள்ளவர் யார் என்று கேட்க இடம் தந்தது இந்த முறைதான். கைக்குழந்தையின் முகத்தைத் துணியால் மூடியே வைத்து, பின்னர் ஒரு சடங்கில் திறந்துகாட்டும் வழக்கத்தையும் இந்நூல் விவரிக்கிறது. பச்சிளம் குழந்தையின் முகம் தெரியும் படம் இருந்தால், அந்தச் சடங்குக்குப் பிந்தியது எனக் கொள்ளலாம்.

பென்னும் நிக்கலஸும் தோடரையே படமெடுத்ததால் பெயரில்லாப் படம் யாருடையது என்பது பலவிடத்தும் ஊகமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீலே-கிளைன், ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனங்களின் அஞ்சல் அட்டைகள் குழப்பத்தைக் கூட்டின; அவற்றில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, 'தோடர்' என்ற குறிப்போடு சரி.