கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் இடையே

சதாராவில் படித்தபோது அம்பேத்கர் வகுப்பின் மூலையில் தனியே உட்கார வைக்கப்பட்டார். உட்காரும் சாக்குத்துணியையும் தினமும் வீட்டிலிருந்து சுமந்து போனார். இதைத் தீண்டாமையின் வரலாறாகப் படிக்கிறோம். பார்வையின் வரலாறாகவும் படிக்கலாம். கரும்பலகைக்கு யார் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

நம் பிள்ளைகளின் கல்வி படிப்படியாக வென்றெடுக்கப்பட்டது. 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென ஆணை பிறப்பித்தது. பள்ளிக் கதவு கொஞ்சம் திறந்தது. 1956இல் விருதுநகர்க்காரரான காமராசர் மதிய உணவு போட்டார், வயிறு நிறைந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால், குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும். தீப்பெட்டி ஒட்டிய கைகள் புத்தகத்துக்குத் திரும்ப வழி பிறந்தது.

கண்ணின் முறை கடைசியாகத்தான் வந்தது. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு மருத்துவர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார. அன்று முதல் கவனம் முதியோரின் கண்புரை மீது. மாணவர்களுக்குப் பள்ளியிலேயே பரிசோதித்து இலவசக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல்தான் வந்தது.

திருத்தங்கலில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான். பள்ளியில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர். நோட்டைப் புரட்டினோம். சில நாட்கள் பக்கம் நிறைய எழுத்து, சில நாட்கள் வெறும் தாள். "பக்கத்துல உக்கார்றவன் லீவு போட்டா எதைப் பாத்து எழுத, அண்ணே?" என்றான். ஆறு மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டிப் பார்த்தோம். மேலே உள்ள பெரிய எழுத்தைத் தாண்டி அவனால் படிக்க முடியவில்லை. பட்டாசு வேலைக்குப் போகும் அவன் அம்மா, "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா அன்னைக்குச் சம்பளம் போயிரும், தம்பி" என்றார்.

பரிசோதனை பள்ளிக்கே வர வேண்டும் என்பது இதனால்தான். சீனக் கிராமப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு, 2014இல் வெளியானது, இலவசக் கண்ணாடி கொடுத்ததும் கணக்கு மதிப்பெண் கூடியதைக் காட்டியது. அறிவு குறைவு என்று முத்திரை குத்துமுன் கண்ணைப் பார்த்தார்களா என்று கேட்போம்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியில் கடைசியாகக் கண் பரிசோதனை நடந்தது எப்போது? உடைந்த கண்ணாடிக்கு மாற்று கிடைத்ததா? தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கண்ணாடி யாரோ போடும் பிச்சையல்ல, கல்வி உரிமையின் ஒரு பகுதி.

ஜெய்பீம்!