போல்ட் ரைஃபிளின் குறித்துல்லியம்

கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, மறுபடி தள்ளித் தோட்டாவை அறைக்குள் பூட்டும் துப்பாக்கியே போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள். 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற மவுசர், இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பலவற்றுக்கு முன்மாதிரி. அமெரிக்காவில் 1936-இல் வந்த வின்செஸ்டர் 70-உம் 1962-இல் வந்த ரெமிங்டன் 700-உம் இந்த வகையில் புகழ்பெற்றவை.

ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே துல்லியத்தின் அளவு. அதைக் கோண நிமிடத்தில் சொல்வார்கள்; ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. மானின் உயிர்நிலைப் பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்தான். மூன்று கோண நிமிடம் சிதறும் ரைஃபிள் 200 மீட்டரில் அந்த இடத்தைக் கிட்டத்தட்ட முழுதும் தின்றுவிடும். சுடுபவரின் கைநடுக்கத்துக்கோ காற்றுக்கோ எதுவும் மிஞ்சாது. அடிபட்ட விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாவதைத் தவிர்ப்பதற்காகவே வேட்டைக்காரர் இதில் அக்கறை காட்டியாக வேண்டும்.

துல்லியம் கெடுவதற்குக் குழலைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது இரும்பும் மரமும் சேரும் இடம். சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இருந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டை குழலை ஒரு பக்கம் அழுத்தினாலோ, போல்ட் இயங்கும் உலோகக் கூடான ரிசீவர் கட்டைக்குள் துளி நகர்ந்தாலோ அந்த ஒழுங்கு போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். தோட்டா இல்லை என்று உறுதிசெய்தபின், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து ரிசீவர் வரை இழுத்துப் பார்க்கலாம். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் தொடுகிறது. அடுத்து, குழலும் கட்டை நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் முன்திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். குழல் மேலெழுவது விரலுக்குத் தெரிந்தால், ரிசீவர் கட்டைக்குள் வளைந்தே இறுகியிருந்தது என்று பொருள்.

மருந்து இரண்டு. குழலைச் சுற்றிக் கட்டையைச் சுரண்டி இடைவெளி விடுவது ஒன்று. ரிசீவருக்கும், பின்னுதைப்பைத் தாங்கும் முளைக்கும் அடியில் எபாக்ஸி வார்த்து அச்சுப்போலப் படுக்கை அமைப்பது மற்றொன்று. இந்தப் படுக்கை அமைப்பதற்கு ‘பெட்டிங்’ என்று பெயர். இரும்பில் மெழுகு பூச மறந்தால் துப்பாக்கி கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். திருகுத் துளைகளில் அலுமினியக் குழாய் பதித்தால், இறுக்கும்போது மரம் நசுங்காது.

மரத்தின் குணத்துக்குப் பெரிய சாட்சி வியட்நாம் போர். ரெமிங்டன் 700-இலிருந்து உருவான எம்40 ரைஃபிளை அமெரிக்க மரைன் படை 1966-இல் ஏற்றது. அந்நாட்டின் ஈரத்தில் அதன் வால்நட் கட்டை உப்பி முறுக்கிக்கொண்டு குழலை அழுத்தியது. 1970-களில் படையின் துப்பாக்கிப் பணியாளர்கள் அதை மக்மிலன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டையில் பொருத்தி எம்40ஏ1-ஐ உருவாக்கினார்கள்.

மற்றவை சிறு வேலைகள். குழல்வாய் விளிம்பில் ஒரு வடு இருந்தாலும் குண்டு விலகும். ஆகவே துடைக்கும் கம்பியைக் கூடியவரை பின்புறமிருந்தே செலுத்த வேண்டும். ஸ்கோப்பைத் தாங்கும் திருகுகள் தளர்ந்திருப்பது நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணம். விசை சீராக விடுபட வேண்டும். ஆனால் கையுறை போட்ட விரலுக்குப் பாதுகாப்பில்லாத அளவு இளக்குவது தவறு. தோட்டாவிலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. வெவ்வேறு எடையுள்ள குண்டுகளைச் சுட்டுப் பார்த்துத்தான் அதை அறியலாம்.

மூன்று குண்டுகளின் நெருக்கத்தை நம்பித் தீர்ப்புச் சொல்வது அவசரம். அது தற்செயலாகவும் அமையும். வேட்டையில் பெரும்பாலும் கிடைப்பது குளிர்ந்த குழலின் முதல் சுடல் ஒன்றுதான். வெவ்வேறு நாட்களில் குழல் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு குண்டாக ஒரே தாளில் சுட்டுச் சேர்த்தால், அந்த ரைஃபிளின் உண்மையான துல்லியம் தெரியும்.