தொலைபேசிக் கண்காணிப்பு: விருதுநகர் மாவட்டம்

அரசின் தொலைபேசிக் கண்காணிப்பு இரு வகைப்படும். பேச்சையே ஒட்டுக்கேட்பது ஒன்று, யார் யாரிடம், எப்போது, எந்த டவர் எல்லையிலிருந்து பேசினார் என்ற அழைப்புப் பதிவை (சி.டி.ஆர்.) பெறுவது மற்றொன்று. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் மக்களை அதிகம் தொடுவது இரண்டாவதுதான். பட்டாசு ஆலை வெடித்ததும் தலைமறைவாகும் உரிமையாளரையும் போர்மேனையும் போலீசார் இதைக் கொண்டே தேடுகின்றனர். சிவகாசித் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.வும் முன்னாள் அமைச்சருமான கே.டி.ராஜேந்திர பாலாஜி, ஆவின் வேலை மோசடிப் புகாரில் முன்ஜாமீன் மறுக்கப்பட்டு, 2021 டிசம்பரில் தலைமறைவானார். அவருடன் தொடர்பில் இருந்தவர்களின் செல்போன்களும் கண்காணிக்கப்படுவதாக அப்போது செய்திகள் வந்தன. 2022 ஜனவரி 5-இல் ராஜேந்திர பாலாஜி கர்நாடகத்தின் ஹாசனில் கைதானார். ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் அளித்தது.

ஒட்டுக்கேட்புக்குக் கடுமையான வரம்பு உண்டு. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் வேண்டும் என்றது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. நடைமுறைப் பாதுகாப்புகளை 1996-இல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் ஆணையிட வேண்டும். ஓர் ஆணை 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக்கூடாது. இந்த ஆணைகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைவர் தலைமைச் செயலாளர். உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி ஒருவரும் இல்லை. அரசின் ஆணையை அரசே சரிபார்ப்பதை மேற்பார்வை என்று ஏற்பது கடினம்.

நீதிமன்றம் தலையிட்டால் நிலைமை மாறுகிறது. சென்னையில் நடந்த ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவது பொதுப் பாதுகாப்பாகாது, பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததும் தவறு என்றது தீர்ப்பு. அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கலாம் என்று வேறு முடிவுக்கு வந்திருந்தது.

சி.டி.ஆருக்கு இத்தகைய காவல் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி எழுத்துமூலம் கேட்டால் போதும். நீதிமன்ற அனுமதி கட்டாயமில்லை. எஸ்.பி. நிலையிலுள்ள அதிகாரியே கேட்க வேண்டும், பெற்றவற்றை மாதந்தோறும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய உள்துறையின் அறிவுறுத்தல். நிறுவனங்கள் பதிவுகளை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு டவரின் மொத்தப் பட்டியலை வாங்கினால், ஆலையில் மருந்து கலக்கும் தொழிலாளியின் அன்றாடத் தொடர்புகளும் அதில் சேர்ந்துவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பான பிறகு, சி.டி.ஆர். கோரிக்கையும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு செல்வதே முறை.