திறந்த மடையும் திறந்த மூலநிரலும்



காவிரிக் கரையில் பிறந்த எங்களுக்கு ஜூன் 12 மறக்கவொண்ணாத நாள். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் விடுவதற்கென வழக்கில் வகுத்த நாள் அது. ஆயினும், அணை திறந்த மாத்திரத்தில் கடைமடை வயலுக்கு நீர் வந்துவிடுமா? வாய்க்காலைத் தூர் வாரியிருந்தாலன்றோ வரும்! ஊரார் கூடி அப்பணியைச் செய்த முறையே குடிமராமத்து. திறன்பேசிகளின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவ்வாய்க்காலே என் நினைவுக்கு வருகிறது.

ஒரு மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் கொள்கைக்கு 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் வித்திட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதன்மீது அமைந்த ஆண்ட்ராய்டு, 2008-இல் கைப்பேசியில் விற்பனைக்கு வந்தது.

2014 ஆகஸ்டில் நம் நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. மொசில்லா நிறுவனத்தார் திறந்த மூலநிரலில் ஆக்கிய ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்துடன், இன்டெக்ஸ் திறன்பேசி 1,999 ரூபாய்க்கு வந்தது. சிறு உழவரும் வாங்கத்தக்க விலை! எனினும், எங்கள் ஊரில் திறன்பேசி வாங்க எண்ணியவர்கள் மூலநிரலைப் பற்றிக் கேட்கவில்லை. தமிழில் எழுத இயலுமா, வெளியூரிலுள்ள மகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா, அணையின் நீர்மட்டம் அறியலாமா என்றே கேட்டனர். அவை நியாயமான எதிர்பார்ப்புகளே. ஃபயர்ஃபாக்ஸ் பேசிகளுக்கென வாட்ஸ்அப் நிறுவனம் செயலி எதையும் வெளியிடவில்லை. மக்கள் நாடும் செயலிகள் போதாமையால் அவை வேரூன்றவில்லை. 2015 டிசம்பரில் மொசில்லா அம்முயற்சியைக் கைவிட்டது.

கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. மூடிய மென்பொருளாயின் அது ஆக்கியோருடனேயே மறைந்திருக்கும். திறந்திருந்தமையால், அந்நிரலை எடுத்து வேறு சிலர் கையோஎஸ் என வளர்த்தனர். 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் வெளிவந்த ஜியோபோனில் அது இயங்கிற்று. 2018-இல் வாட்ஸ்அப்பும் அதில் வந்து சேர்ந்தது. ஒருவர் கைவிட்ட வாய்க்காலை மற்றவர் தூர் வாரியதற்கு ஒப்பானது இது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? திறந்த மூலநிரல் உரிமையைத் தரும். பராமரிப்பைத் தானாகத் தந்துவிடாது. ஆதலின், திறன்பேசி வாங்குங்கால் விலையை மட்டும் பாராதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும், தமிழ் செவ்வனே இயங்குமா என்றும் கேளுங்கள். உங்களுள் கணினி கற்போர் கேட்பதோடு நில்லாமல், பிழை திருத்தவும் தமிழாக்கம் செய்யவும் முன்வர வேண்டும். மடை திறந்தே இருக்கிறது. மண்வெட்டி எடுக்கும் கைகளே தேவை.