ராஜா, ராஜப்பிரமுகர், ஜனாதிபதி

கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் மீதான குற்றச்சாட்டு பற்றிச் சரித்திரக்காரர்களிடையே உள்ள சர்ச்சைக்குள் நாம் போக வேண்டியதில்லை. தண்டனையை எதிர்த்து முறையிட ராஜாவுக்கு மேலே ஓர் இடம் இருக்கவில்லை என்பது மட்டும் இங்கே போதும். 1750இல்தான் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தன்னை தாசனாக்கிக்கொண்டிருந்தார். தெய்வத்தின் தாசனை எந்தக் கச்சேரி விசாரிக்கும்?

1950இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 361ஆவது ஷரத்து, ஜனாதிபதியும் கவர்னரும் ராஜப்பிரமுகரும் தம் அதிகாரத்தைச் செலுத்துவது குறித்து எந்தக் கோர்ட்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல என்றது. பதவியில் இருக்கும்வரை அவர்கள்மேல் கிரிமினல் வழக்கும் கிடையாது. அன்று கோட்டாறு அடங்கிய திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜப்பிரமுகர், பழைய மகாராஜா சித்திரைத் திருநாள்தான். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அதே நாளில் ராஜப்பிரமுகர் பதவியும் ஒழிந்தது. காப்பு கவர்னரிடம் தங்கிவிட்டது.

ஆனால் கிரிமினல் வழக்கிலிருந்து காப்புக்குப் பதவிக்காலம் என்ற எல்லை இருந்தது. அதை அழிக்கும் முயற்சி 1975இல் நடந்தது. ஜூன் 12இல் அலகாபாத் ஹைகோர்ட் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாதென்றது. 25இல் நெருக்கடிநிலை. ஆகஸ்டில் 39ஆவது திருத்தம் பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டுகளின் கைக்கு எட்டாமல் வைத்தது. அதே மாதம் ராஜ்யசபை இன்னொரு மசோதாவை நிறைவேற்றியது: ஜனாதிபதி, பிரதமர், கவர்னர் ஆகியோர் பதவிக்கு முன்போ பதவியிலோ செய்த எதற்கும் ஆயுள் முழுவதும் கிரிமினல் வழக்கு இல்லை. லோக்சபையில் அது நிறைவேறவில்லை.

நவம்பர் 7இல் சுப்ரீம் கோர்ட் 39ஆவது திருத்தத்தின் அந்த உட்பிரிவை ரத்து செய்தது. பின்தேதியிட்டு மாற்றப்பட்ட தேர்தல் சட்டத்தை ஏற்றுப் பிரதமரின் வெற்றியை உறுதியும் செய்தது. கோட்பாடு ஜெயித்தது, வழக்கில் அதிகாரம் ஜெயித்தது. ஆனாலும் கோட்பாடு வீண்போகவில்லை. 2006இல், பீகார் சட்டசபைக் கலைப்பு வழக்கில், 361 கவர்னரைக் காக்கும், அவர் செயலைக் காக்காது என்று அதே கோர்ட் தெளிவாக்கியது.

இலங்கையின் 1978ஆம் வருஷத்து அரசியல் சட்டம் ஜனாதிபதியைச் சுற்றி எழுப்பிய மதிலில், 2015இன் 19ஆவது திருத்தம் ஒரு வாசல் வைத்தது: அவருடைய உத்தியோகச் செயலை எதிர்த்து, அட்டர்னி ஜெனரலைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனு போடலாம். அவ்வழியே வந்த மனுக்களில்தான் 2018 டிசம்பரில், சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அமெரிக்காவோ எதிர்த்திசையில் போயிற்று. 2024 ஜூலை 1இல் அதன் சுப்ரீம் கோர்ட், 6க்கு 3 என்ற கணக்கில், ஜனாதிபதியின் மூலாதாரமான அதிகாரங்களைப் பொறுத்தவரை முழுக் காப்பு, பதவி விலகிய பின்னும் உண்டென்றது.

வழக்குப் பயமின்றி ஆள வேண்டும் என்பது காப்புக் கேட்பவர்களின் வாதம். பதவிக்காலத்துக்கு அதில் நியாயம் உண்டு. பதவி போன பிறகும் காப்பு நீடித்தால் அது ஆளின் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ராஜாவிடம் இருந்தது அந்த வகைக் காப்புதான். அவர் பதவியிலிருந்து இறங்குவதே இல்லை. குடியரசில் இறங்கியாக வேண்டும். இறங்கியவரை யாரும் கேட்கலாம் என்பதில்தான் பிரஜை என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது.